பார்க்கின்சன் நோய் பரம்பரை நோயா?

சென்ற ஆண்டு நமது டிரஸ்ட் அலுவலகத்துக்கு மருத்துவ உதவி கேட்டு ஒரு மனு வந்தது. மனுதாரருக்கு வயது நாற்பதை ஒட்டி. வெளிநாட்டில் ஓட்டுநராக இருந்தவர். வலது கை நடுங்கத் தொடங்கி, காலும் இழுக்க ஆரம்பித்ததும் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பிவிட்டார். பார்க்கின்சன் நோய் என்று மருத்துவர் எழுதிய சீட்டு மனுவோடு இணைக்கப்பட்டிருந்தது. அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மனு விஷயம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு குடும்பத்தார் உட்கார்ந்து பேசிய பேச்சுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அவருடைய மூத்த மகளுக்கு வெளியூரில் பேசி முடித்திருந்த சம்பந்தம், தகப்பனாரின் நோயைக் கேள்விப்பட்டதும் நின்றுபோயிருந்தது. "ரத்தத்துல ஓடுற நோய்" என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பினார்களாம். வீட்டுக்குள் பழி வேறு பக்கம் திரும்பியது. மனுதாரரின் தாயாருடைய தம்பிக்கும் கடைசிக் காலத்தில் கை நடுங்கியதாம். கைப்பேசியில் எதையோ படித்த பேரன் ஒருவன், "மைட்டோகாண்ட்ரியான்னு ஒண்ணு கெட்டுப்போனாத்தான் இந்த நோய் வரும். அது அம்மாகிட்டேருந்து மட்டும்தான் பிள்ளைக்கு வரும்" என்று சொல்லிவிட்டான். எழுபதைத் தாண்டிய அந்த அம்மா எங்கள் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

பெரியவர்கள் ஒரு வழியும் கண்டுபிடித்திருந்தார்கள். வெளியில் மாப்பிள்ளை தேட வேண்டாம், பெண்ணை அவளுடைய மாமி மகனுக்கே கொடுத்துவிடலாம். குடும்பத்துக்குள் என்றால் யாரும் நோயைக் காரணம் காட்ட மாட்டார்கள். என்னிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். "நல்ல யோசனைதான்" என்று நானும் சொல்லிவிட்டேன்.

நான் கல்லூரியில் விலங்கியல் படித்தவன். அப்படியிருந்தும் சொன்னேன். பிறகு எனக்குத் தெரிந்த நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் இதைப் பேச்சுவாக்கில் சொன்னபோது, அவர் ஒரு தாளை எடுத்து வரைந்து காட்டினார். மாப்பிள்ளை வீட்டார் சொன்னது, பேரன் சொன்னது, நான் சொன்னது மூன்றுமே தவறு. நான் சொன்னதுதான் மூன்றிலும் ஆபத்தானது. அந்தத் தாளில் இருந்ததையும், அதற்குப் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே தருகிறேன்.

முதலில் நோயைப் பற்றி

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் ஆறு பேரைக் கவனித்து இந்த நோயை விவரித்து எழுதினார். நம் பக்கம் நடுக்குவாதம் என்பார்கள். பக்கவாதத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பக்கவாதம் மூளையின் ரத்தக் குழாயில் திடீரென்று நேர்வது. இது ஆண்டுக்கணக்கில் மெல்ல வருவது. நடுக்கம்தான் கண்ணில் படும் என்றாலும் முக்கியமான அடையாளம் மந்தம்தான். சட்டைப் பொத்தான் போட நேரமாகும், கையெழுத்து சிறுத்துப்போகும், நடக்கும்போது ஒரு கை வீசாது. நடுக்கமே இல்லாத பார்க்கின்சன் நோயாளிகளும் உண்டு. கை நடுங்குகிற எல்லாருக்கும் இந்த நோய் என்றும் இல்லை. அந்த அம்மாவின் தம்பிக்கு இருந்தது வயோதிகத்தில் பலருக்கும் வருகிற சாதாரண நடுக்கமாகவே இருக்கலாம்.

மூளையின் நடுப்பகுதியில் கறுப்பாக ஒரு திட்டு இருக்கிறது. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கின்றன. நாம் நினைத்த மாத்திரத்தில் கை கால் அசைவதற்கு அது வேண்டும். இந்த நரம்பணுக்கள் சிறிது சிறிதாகச் சாவதே பார்க்கின்சன் நோய். அறிகுறி வெளியே தெரியும்போது பாதியளவு போயிருக்கும்.

மூளையில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் இருக்க, இவை மட்டும் ஏன் முதலில் சாகின்றன? பேரன் பாதி படித்துவிட்டுச் சொன்ன மைட்டோகாண்ட்ரியா இங்கேதான் வருகிறது.

உயிரணுவுக்குள் இருக்கும் ஜெனரேட்டர்

பள்ளிப் பாடப் புத்தகத்தில் உயிரணுவின் ஆற்றல் நிலையம் என்று படித்திருப்போம். பெரும்பாலான உயிரணுக்களுக்குள் நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரக்கணக்கில் இவை இருக்கின்றன. உணவிலிருந்து வரும் சத்தை ஆக்சிஜனோடு சேர்த்து, உயிரணு செலவழிக்கக்கூடிய ஆற்றலாக மாற்றுவது இவற்றின் வேலை. உடல் எடையில் மூளை நூற்றில் இரண்டு பங்குதான். ஆனால் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு மூளைக்குப் போகிறது. அதிலும் அந்தக் கறுப்புத் திட்டு நரம்பணுக்களின் கிளைகள் மிக நீளமானவை. ஒரே அணு இலட்சக்கணக்கான இணைப்புகளைப் பராமரிக்க வேண்டியிருக்கிறது. தூங்கும்போதும் ஓயாமல் துடித்துக்கொண்டே இருப்பவை அவை. ஆகவே ஆற்றல் கொஞ்சம் குறைந்தாலும் முதலில் அடிபடுவது அவைதான்.

கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். புதிதாக இருக்கும்போது வெளிச்சம் நிறையவும் புகை குறைவாகவும் இருக்கும். பழுதாகிவிட்டால் விளக்கு மங்கும், மண்டபம் புகையால் நிறையும். பழுதான மைட்டோகாண்ட்ரியாவும் அப்படித்தான். ஆற்றலைக் குறைவாகத் தருவதோடு, சுற்றியுள்ளதை அரிக்கும் நச்சுப் பொருள்களையும் வெளியிடுகிறது.

இதற்கும் பார்க்கின்சன் நோய்க்கும் உள்ள தொடர்பு வெளியே வந்த விதம் விசித்திரமானது. 1982-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சில இளைஞர்கள் திடீரென்று சிலை போல உறைந்துபோய் மருத்துவமனைக்கு வந்தார்கள். வாய் திறக்க முடியவில்லை, கை அசையவில்லை. முற்றிய பார்க்கின்சன் நோயாளியின் நிலை, ஆனால் வயதோ மிகக் குறைவு. வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவர் துருவிப் பார்த்ததில், எல்லாரும் வீட்டுக் கூடத்தில் தயாரித்த ஒரே போதைப் பொருளை ஊசியாகப் போட்டுக்கொண்டவர்கள் என்று தெரிந்தது. தயாரித்தவனின் கவனக்குறைவால் எம்.பி.டி.பி. என்ற நஞ்சு அதில் கலந்திருந்தது. அந்த நஞ்சு மூளைக்குள் போய் உருமாறி, டோபமின் நரம்பணுக்களுக்குள் மட்டும் நுழைந்து, அங்குள்ள மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் தொடரில் முதல் கண்ணியை அடைத்துவிடுகிறது. ஒரு பாவமும் அறியாத நோயாளிகள் எத்தனையோ பேருக்கு, போதைக்காரர்களின் கதையிலிருந்துதான் விளக்கம் கிடைத்தது.

1989-இல் லண்டன் ஆய்வாளர்கள், இந்த நஞ்சோடு சம்பந்தமே இல்லாத சாதாரண பார்க்கின்சன் நோயாளிகள் இறந்த பின் அவர்களுடைய மூளையைச் சோதித்தார்கள். அங்கும் கறுப்புத் திட்டில் அதே முதல் கண்ணி பலவீனமாக இருந்தது. ரோட்டினோன் என்ற பூச்சிக்கொல்லியும் அந்தக் கண்ணியைத்தான் அடைக்கும். பாராகுவாட் என்ற களைக்கொல்லி மைட்டோகாண்ட்ரியாவை வேறு வழியில் கெடுக்கிறது. இந்த இரண்டில் ஒன்றைப் பயன்படுத்திய அமெரிக்க விவசாயக் குடும்பத்தாருக்கு நோய் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு இருந்ததாக 2011-இல் ஓர் ஆய்வு வெளியானது. தோட்டம் துரவு வைத்திருப்பவர்கள் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் மருந்து அடிக்க வேண்டாம்.

பழுதானதை அகற்றுகிறவர்கள்

இனி பரம்பரைக் கதைக்கு வருவோம். 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், சிறு வயதிலேயே பார்க்கின்சன் நோய் வந்த குடும்பங்களை ஆராய்ந்து ஆறாவது குரோமோசோமில் ஒரு மரபணுவைக் கண்டார்கள். அதற்குப் பார்க்கின் என்று பெயர் வைத்தார்கள். 2004-இல் ஸ்பெயின், இத்தாலி நாட்டுக் குடும்பங்களில் பிங்க்-1 என்ற இன்னொரு மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டும் என்ன வேலை செய்கின்றன என்பது பழங்களை மொய்க்கும் சிறு ஈக்களிடமும் பிறகு உயிரணுக்களிடமும் நடந்த சோதனைகளில் விளங்கியது.

பழுதான ஜெனரேட்டரை அடையாளம் காட்டி ஒட்டுச்சீட்டு ஒட்ட ஒரு மேற்பார்வையாளர் வேண்டும். அதைத் தூக்கிப் போய்ப் பழைய இரும்புக்குப் போட ஒரு சுமைதூக்குபவர் வேண்டும். மேற்பார்வையாளர்தான் பிங்க்-1. நல்ல மைட்டோகாண்ட்ரியாவில் அது தங்காது, உள்ளே இழுக்கப்பட்டுச் சிதைந்துவிடும். பழுதான மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சுவரில் மட்டும் அது சேர்ந்து நிற்கும். அதைக் கண்டு பார்க்கின் ஓடி வரும். அழிக்க வேண்டியது என்ற குறியை மேலும் மேலும் பதிக்கும். பிறகு உயிரணுவே அதைச் செரித்துவிடும். பார்க்கின் இப்படிப் பழுதானவற்றைத் தேடிச் செல்வதை அமெரிக்காவில் ரிச்சர்ட் யூல் குழுவினர் 2008-இல் காட்டினார்கள். இந்த இருவரில் ஒருவர் வேலைக்கு வராவிட்டாலும் புகை கக்கும் ஜெனரேட்டர்கள் உள்ளேயே குவியும். அதிகம் உழைக்கும் டோபமின் அணுக்கள் அதைத் தாங்காது. அறுபது வயதுக்கு மேல் வர வேண்டிய நோய் முப்பதிலும் நாற்பதிலும் வந்துவிடுகிறது.

மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து வருகிறது என்பது உண்மை. அதற்கென்று தனியாக ஒரு சிறு மரபுத் தொகுப்பு இருக்கிறது. அதில் மொத்தம் 37 மரபணுக்கள், அவை தாய்வழியாக மட்டுமே வரும். ஆனால் மைட்டோகாண்ட்ரியாவை இயக்கும் புரதங்கள் ஆயிரத்துக்கும் மேல். அவற்றில் 13-ஐ மட்டுமே அந்தத் தாய்வழித் தொகுப்பு தயாரிக்கிறது. மற்ற எல்லாவற்றுக்கும் உரிய மரபணுக்கள் உயிரணுவின் கருவுக்குள், தாயும் தகப்பனும் ஆளுக்கொரு பிரதியாகத் தந்தவை. பார்க்கினும் பிங்க்-1-ம் அந்த வகைதான். ஆகவே "மைட்டோகாண்ட்ரியா நோய், அதனால் தாய் தந்த நோய்" என்று சொல்வது ஜெனரேட்டரைச் செய்த கம்பெனியையும் அதைப் பராமரிக்க வந்த ஆட்களையும் ஒன்றாக நினைப்பது போன்றது.

வயது ஏற ஏற, கறுப்புத் திட்டு நரம்பணுக்களில் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த மரபுத் தொகுப்பிலும் துண்டுகள் அறுந்துபோகின்றன என்று 2006-இல் கண்டறிந்தார்கள். ஆனால் அது வாழ்நாளில் நேரும் தேய்மானம். தாய் கொடுத்தது அல்ல.

கணக்கைப் பாருங்கள்

பெரும்பாலான மரபணுக்கள் நம்மிடம் இரண்டு பிரதியாக இருக்கின்றன. பார்க்கினில் ஒரு பிரதி கெட்டாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். அப்படிப்பட்டவருக்குப் பொதுவாக இந்த நோய் வருவதில்லை, அவர் கடத்தி மட்டுமே. இரண்டு பிரதியும் கெட்டிருந்தால்தான் நோய். அதற்குத் தாயும் தகப்பனும் இருவருமே ஆளுக்கொரு கெட்ட பிரதியைத் தந்திருக்க வேண்டும். மனுதாரருக்குப் பரிசோதனையில் பார்க்கின் மரபணுவின் இரண்டு பிரதியுமே கெட்டிருப்பது தெரிந்தது. அப்படியானால் அந்த அம்மாவிடமிருந்து ஒன்று, மறைந்த அவர் கணவரிடமிருந்து ஒன்று. சரிபாதி. அவர்கள் இருவரும் மாமு பிள்ளை, மாமி பிள்ளை. ஒரே மூதாதையரிடமிருந்து ஒரே கெட்ட பிரதி இரு கிளையாகப் பிரிந்து இறங்கி, இந்த மகனிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

அடுத்தது மகளின் விஷயம். தகப்பனாரின் இரண்டு பிரதியும் கெட்டவை என்பதால் அவளுக்கு ஒன்று நிச்சயம் வந்திருக்கும். தாயிடமிருந்து நல்லது வந்திருப்பதால் அவளுக்கு நோய் இல்லை, கடத்தி மட்டுமே. அவளுடைய பிள்ளைக்கு நோய் வர வேண்டுமானால் அவள் கணவரும் கடத்தியாக இருக்க வேண்டும். சம்பந்தமில்லாத வெளியாளை எடுத்துக்கொண்டால், பொதுமக்களில் பார்க்கின் கடத்திகள் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவர். அதன்படி பிள்ளைக்கு நோய் வர வாய்ப்பு 200 முதல் 400-இல் ஒன்று. மாப்பிள்ளை வீட்டார் இந்தச் சிறு வாய்ப்புக்காகத்தான் சம்பந்தத்தை முறித்தார்கள்.

மாமி மகன் என்றால்? மாமி, மனுதாரரின் உடன்பிறந்த அக்காள். அவருக்கு நோய் இல்லை, ஆனால் பெற்றோர் இருவரும் கடத்திகள் என்பதால் அவர் கடத்தியாக இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. அதில் பாதி அவர் மகனுக்கு, அதாவது மூன்றில் ஒன்று. கணவன் மனைவி இருவரும் கடத்திகளானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. பெருக்கினால் பன்னிரண்டில் ஒன்று. நோய்க்குப் பயந்து குடும்பத்துக்குள் ஒளிந்துகொள்ளப் பார்த்தார்கள். அந்த வழியில்தான் வாய்ப்பு பதினாறு மடங்குக்கும் மேல் இருந்தது. "நல்ல யோசனைதான்" என்று நான் சொன்னது இதற்குத்தான்.

உறவில் மணம் முடிப்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. மார்க்கம் அதை அனுமதிக்கிறது. தமிழகத்தில் எல்லாச் சமுதாயத்திலும் அது இருக்கிறது. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இங்கு நூற்றுக்கு 28 பெண்கள் உறவுக்குள் மணம் முடித்தவர்கள். பெரும்பாலான குடும்பங்களில் பிள்ளைகள் நலமாகவே இருக்கிறார்கள். ஆனால் இளவயதில் ஒருவருக்கு இந்த நோய் வந்துவிட்ட குடும்பத்தில், பரிசோதித்துப் பார்க்காமல் மறுபடியும் அதே குடும்பத்துக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது வேறு விஷயம்.

இந்தக் கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது. பார்க்கின்சன் நோயாளிகளில் பெரும்பாலோருக்குத் தெளிவான ஒற்றை மரபணுக் காரணம் எதுவும் கிடையாது. அறுபத்தைந்து வயதில் நோய் வந்த அத்தாவை வைத்து மகள் கல்யாணத்தை நிறுத்துவதில் அர்த்தமே இல்லை. மறுபக்கம், ஒரே ஒரு கெட்ட பிரதியிலேயே நோய் வரக்கூடிய மரபணுக்களும் உண்டு. வட ஆப்பிரிக்க அரபு நோயாளிகளில் மூவரில் ஒருவருக்கு மேல் எல்.ஆர்.ஆர்.கே-2 என்ற மரபணுவில் ஒரே மாற்றம் இருப்பதாக 2006-இல் கண்டார்கள். இந்தியாவில் அந்த மாற்றம் அரிது. அதைச் சுமப்பவர்களிலும் எல்லாருக்கும் நோய் வந்துவிடுவதில்லை. எனவே எந்த வகை என்று தெரிந்த பிறகுதான் கணக்குப் போட வேண்டும். நாற்பத்தைந்து ஐம்பதுக்கு முன் நோய் தொடங்கினால், அல்லது பெற்றோர் உறவுக்காரர்களாக இருந்தால், அல்லது குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருந்தால், மரபணுப் பரிசோதனை தேவையா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். நோயில்லாத பிள்ளைகளை இழுத்துப் போய்ச் சோதிக்க அவசரப்பட வேண்டாம். வயது வந்த பிறகு அது அவரவர் முடிவு.

மருந்தும் மாத்திரையும்

இன்னொரு தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சக்தி தரும் என்று சொல்லி விற்கப்படும் கோ-என்சைம் க்யூ-10 மாத்திரைக்கு, மனுதாரரின் சீட்டில் இருந்ததால், டிரஸ்ட் பணத்திலிருந்து சில மாதங்கள் கொடுத்தோம். காரணம் நியாயமாகத்தான் தோன்றியது. ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் 600 நோயாளிகளுக்கு மிக அதிக அளவில் கொடுத்துப் பார்த்து, பலன் தெரியாமல் அந்தச் சோதனையை இடையில் நிறுத்திவிட்டார்கள். 2014-இல் முடிவு வெளியானது. பழுது எங்கே என்று தெரிந்ததாலேயே அதைச் சரிசெய்யத் தெரிந்துவிட்டது என்று ஆகிவிடாது. சாகும் அணுக்களைத் தடுத்து நிறுத்துவதாக நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை.

அறிகுறிகளைக் குறைக்கும் மருந்து இருக்கிறது. 1960-களிலிருந்து பயன்பாட்டில் இருக்கும் லெவோடோபா விலையும் அதிகமில்லை. "சீக்கிரம் ஆரம்பித்தால் சீக்கிரம் பலன் போய்விடும்" என்று பலர் மருந்தைத் தள்ளிப் போடுகிறார்கள். நெதர்லாந்தில் 445 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. முன்கூட்டி ஆரம்பித்ததால் பிற்பாடு கெடுதல் நேர்ந்ததாக அதில் தெரியவில்லை. பூனைக்காலி விதையில் லெவோடோபா இயற்கையாகவே இருக்கிறது என்பது உண்மை. அதற்காக மாத்திரையோடு அந்தப் பொடியையும் அளவில்லாமல் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. ஒரு நாளில் பல வேளை சாப்பிட வேண்டிய மருந்து என்பதால், நோன்பு மாதம் வருமுன்பே மருத்துவரிடம் பேசிக்கொள்ளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. ரோஷப்பட்டு மருந்தை விட வேண்டாம்.

பார்க்கின் வகை நோயாளிகளுக்கு ஓர் ஆறுதல் உண்டு. இந்த வகை பொதுவாக மெதுவாகவே முற்றும், குறைந்த அளவு மருந்துக்கே நன்றாகக் கட்டுப்படும், நினைவாற்றலும் பெரும்பாலும் கெடுவதில்லை. மனுதாரர் இப்போது உடற்பயிற்சியும் மாத்திரையுமாகக் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கிறார். மாமி மகன் பேச்சு நின்றுவிட்டது. மருத்துவர் வரைந்த அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நானும் ஜமாஅத் தலைவரும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். அந்த அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். அவரிடம், அவர் கணவர் பெயர் இருந்த வட்டத்தையும் அவர் பெயர் இருந்த வட்டத்தையும் தொட்டுக் காட்டி, "ரெண்டுலயும் பாதி பாதி மை பூசியிருக்கு பாருங்கம்மா" என்றோம். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அவர் இருக்கறப்ப இதைச் சொல்லியிருந்தா எனக்கு எவ்வளவோ பேச்சு மிச்சமாயிருக்கும்" என்றார்.

இந்த மாதத்திலிருந்து நமது மருத்துவ உதவி விண்ணப்பத்தில் இரண்டு வரிகளைச் சேர்த்திருக்கிறோம். நோய் தொடங்கிய வயது என்ன, பெற்றோர் உறவுக்காரர்களா என்பவை அவை. விருப்பமிருந்தால் மட்டும் நிரப்பினால் போதும். அது மருத்துவரைத் தவிர வேறு யார் பார்வைக்கும் போகாது.